தூளிக்குக் கட்டிய உப்பு வரப்பு

மழைக்காலத்தில் உப்பளத்தில் வேலை கிடையாது. ஐப்பசியில் வானம் மூடிக்கொண்டால் பாத்தியெல்லாம் ஏரி மாதிரி ஆகிவிடும். எடுத்து வைத்த உப்பைக் குவித்துப் பனையோலை போட்டு மூடிவிட்டு வீட்டில் உட்கார்ந்துவிடுவோம். மற்றவர்கள் சும்மா உட்கார்ந்திருப்பார்கள். எனக்குச் சும்மா இருக்க வராது, கவலைப்படுவேன். 2005-ஆம் வருஷ மழையில் நான் ஒருத்தனே மூன்று ஆள் செய்ய வேண்டிய கவலையைச் செய்தேன். மகளுக்கு அப்போது மூன்று மாதம்.

அந்த வருஷம் மரக்காணம் பக்கம் மழை விடவே இல்லை. வரப்பில் வளை தோண்டிக் குடியிருந்த எலிகள், வளைக்குள் தண்ணீர் வந்ததும் வீடு தேடிப் புறப்பட்டன. எங்கள் வீட்டுக்கு வந்தது ஒரு சுண்டெலி. என் கட்டைவிரல் அளவுதான் இருக்கும். புதுசாகக் குடிவந்தவர் பக்கத்து வீட்டுக்காரரைப் பார்ப்பது போல, அரிசிப் பானைக்குப் பின்னால் இருந்து என்னை மரியாதையாகப் பார்த்தது.

"ஒரு எலி தானே, உடுங்க. இந்த மழையில அது எங்க போவும்?" என்றாள் என் மனைவி.

நானும் விட்டிருப்பேன். ஆனால் அன்றைக்கு டீக்கடையில் போண்டா மடித்துக் கொடுத்த காகிதத்தைப் படித்துத் தொலைத்தேன். ஏழாவதோடு பள்ளிக்கூடத்தை விட்டவன் நான். அதனாலேயோ என்னவோ, எழுத்து எங்கே கண்ணில் பட்டாலும் விடமாட்டேன். 'எலி நடமாட்டம் உள்ள வீட்டில் கைக்குழந்தையைத் தூங்க வைத்தால்' என்று அதில் இருந்தது. அதற்கு மேல் காகிதம் கிழிந்து போயிருந்தது. தூங்க வைத்தால் என்ன ஆகும்? திரும்பிப் போய் மீதிக் காகிதத்தைக் கேட்டேன். அதில் யாருக்கோ பஜ்ஜி மடித்துக் கொடுத்தாகிவிட்டது என்றார்கள். முழுசாகப் படித்திருந்தால் ஒரே ஒரு கவலையோடு போயிருக்கும். மீதியை நானே எழுதிக்கொள்ள வேண்டியதாகிவிட்டது. பால் வாசனைக்கு எலி வரும், உதட்டைக் கடிக்கும், காதைக் கடிக்கும், கால் விரலைக் கடிக்கும் என்று பக்கம் பக்கமாக எழுதினேன்.

அன்றிலிருந்து மகள் தூங்கி எழும்போதெல்லாம் அவள் கால் விரல்களை எண்ணினேன். எப்போதும் பத்து. ஒரு தடவை ஒன்பது வந்தது. உயிரே போய்விட்டது. பதற்றத்தில் ஒரு சுண்டுவிரலை எண்ணாமல் விட்டிருந்தேன்.

"இன்னாங்க இது, காலையில இருந்த வெரலு சாயங்காலம் எங்க போயிடும்?" என்று மனைவி தலையில் அடித்துக்கொண்டாள்.

தெருமுனையில் பாய் ஒருவர் மளிகைக்கடை வைத்திருந்தார். அவரிடம் போய் நின்றேன்.

"எலி மருந்து இருக்குது, ஒட்டுற அட்டை இருக்குது, பொறி இருக்குது. எதுப்பா வேணும்?"

"மருந்து வேணாம் பாய். கொழந்தை இருக்குது."

"ஏம்பா, மூணு மாசக் கொழந்தை எழுந்து நடந்து போயி மருந்தை எடுத்துத் திங்குமா?"

"எலி அதைத் தின்னுட்டு விட்டத்துல ஏறி, தூளிக்குள்ள செத்து உழுந்துட்டா?"

பாய் ஒட்டும் அட்டையை எடுத்துக் காட்டினார். "சரி, அட்டை?"

"வீட்டுக்காரி கால்ல ஒட்டிக்கும். கொழந்தையோட உழுந்துடுவா."

"பூனை?"

"பூனை முடி பட்டா கொழந்தைக்கு இளைப்பு வந்துடும் பாய்."

"யா அல்லா! அப்ப பொறியத்தான் எடுக்கணும். அதுல உன் வெரலு மாட்டும். பரவால்ல, அது உன் வெரலு தானே?"

கம்பிக்கூண்டுப் பொறி. எலி உள்ளே போனால் கதவு விழும். பொரித்த கருவாட்டுத் தலையை உள்ளே மாட்டி, எங்கே வைப்பது என்று வெகுநேரம் யோசித்தேன். எந்த இடத்துக்குக் காவல் வேண்டுமோ அங்கேதானே வைக்க வேண்டும்? தூளிக்கு நேர் கீழே வைத்தேன். அதுவரை அந்த எலி சமையல் பக்கத்தை விட்டு வந்ததில்லை. மறுநாளிலிருந்து தூளிப் பக்கம் வர ஆரம்பித்தது. கூண்டுக்குள் போகாமல் வெளியே நின்றே கம்பி வழியாகக் கருவாட்டைப் பிய்த்துத் தின்றது. நானும் தினமும் புதுத் தலையாக மாட்டினேன்.

"எலிக்கு விருந்து வைக்கிறீங்க, அதுவும் கொழந்தைக்குக் கீழ" என்றாள் மனைவி. பெண்களுக்குக் காவல் என்றால் என்னவென்று தெரியாது என்று நினைத்துக்கொண்டேன்.

அப்போதுதான் உப்பு ஞாபகம் வந்தது. உப்பளத்தில் புல் முளைக்காது, எறும்பு ஊராது. எலி மட்டும் எப்படித் தாண்டும்? களத்துக்குப் போய் அரை மூட்டை உப்பு வாங்கி வந்து தூளியைச் சுற்றி வரப்புக் கட்டினேன். நாலு விரல் உயரம். மேல்பக்கத்தைத் தட்டிச் சமமாக்கி, மூலையை மடக்கி, பாத்திக்குக் கட்டுவது போலவே கட்டினேன். எங்கள் மேஸ்திரி பார்த்திருந்தால் முதல் தடவையாக என்னைப் பாராட்டியிருப்பார்.

"உள்ள தண்ணி கட்டிட்டா உப்பே வாரலாம்" என்றாள் மனைவி. அந்தத் தண்ணீரை என் மகள் தூளிக்குள் இருந்தபடியே வேளாவேளைக்குக் கட்டினாள்.

மழைக்காலத்தில் உப்பு வேர்க்கும். இருபது வருஷமாக உப்பு வாரியவனுக்கு அது தெரியாதா? தெரியும். ஆனால் கவலை உள்ளே வந்தால் தெரிந்ததெல்லாம் வெளியே போய்விடுகிறது. தரையெல்லாம் பிசுபிசுவென்று ஆனது. மறுநாள் காலையில் பார்த்தால் வரப்பின் மேல் குட்டிக் குட்டிக் கால் தடம், கோடு போட்டது போல நேராகக் கருவாட்டுக்குப் போயிருந்தது.

அன்று மத்தியானம் அதை நேரிலேயே பார்த்தேன். விட்டத்திலிருந்து தூளிக் கயிற்றைப் பிடித்துத் தலைகீழாக இறங்கிக்கொண்டிருந்தது. நான் போட்ட கூச்சலில் எலி மேலே ஓடியது. தூங்கிக்கொண்டிருந்த குழந்தை அலறி எழுந்தது. மனைவி குழம்புக் கரண்டியோடு ஓடி வந்தாள்.

இனிக் கயிற்றைக் காப்பாற்ற வேண்டும். ஒரு குண்டான் நிறைய உப்பைக் கரைத்து, கயிற்றின் மேல் காலையும் மாலையும் ஊற்றினேன். அந்த மழையில் எதுவும் காயவில்லை. உப்புத் தண்ணீர் கயிறு வழியாக முடிச்சுக்கு வந்து, சேலை மடிப்பில் இறங்கியது. ஈரத்தைத் தொட்டுப் பார்த்த மனைவி, குழந்தை நனைத்திருக்கிறது என்று நினைத்தாள். நான் தொட்டுக்கூடப் பார்க்கவில்லை. என் கண் முழுக்க விட்டத்திலேயே இருந்தது.

நாலாம் நாள் குளிக்க வைக்கும்போது மனைவி, "இங்க வாங்க" என்று கூப்பிட்டாள். குழந்தையின் இரண்டு குதிகாலும் சிவந்து, தோல் உரிந்திருந்தது. விரல்களை எண்ணினேன். பத்து. ஆனால் மனைவி சொம்பைக் கீழே போட்டுவிட்டுக் குழந்தையை ஈரத்தோடு அணைத்துக்கொண்டாள். அவள் பயந்து நான் பார்த்ததில்லை. அவள் பயப்பட மாட்டாள் என்ற தைரியத்தில்தான் நான் அத்தனை நாளும் பயந்துகொண்டிருந்தேன். இப்போது இரண்டு பேரும் பயந்தால் குழந்தையை யார் பார்ப்பது?

கைக்கு வந்த தூளிச் சேலையிலேயே குழந்தையைச் சுற்றி எடுத்துக்கொண்டு, ஒரு குடைக்குள் மூன்று பேரும் ஆஸ்பத்திரிக்கு ஓடினோம். செருப்புப் போடக்கூட எனக்குத் தோன்றவில்லை.

"எலி கடிச்சிடுச்சு சிஸ்டர். ஊசி போடுங்க."

"கடிச்சதைப் பாத்தீங்களா?"

"பாக்கல. ஆனா கயித்துல எறங்கிச்சு."

நர்ஸ் விளக்கு வெளிச்சத்தில் குதிகால்களைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "பல்லு பட்ட மாதிரி இல்லியே. ரெண்டு காலும் ஒரே மாதிரி இருக்குது. எலி இன்னா அளவெடுத்துக் கடிக்குமா?"

சேலையைத் தொட்டார். விரலைத் தேய்த்துப் பார்த்தார். பிறகு அவர் பார்வை கீழே இறங்கி, சேறும் வெடிப்புமாக இருந்த என் காலில் வந்து நின்றது.

"நீங்க உப்பளமா?"

"ஆமா சிஸ்டர்."

"இது எலி கடிச்சதில்ல. உப்புத் தண்ணியில நிக்கிறவங்களுக்கு வர்ற புண்ணு. தெனம் பத்து பேருக்கு மருந்து போடுறேன். கொழந்தைய எப்பலேர்ந்து வேலைக்கு அனுப்புறீங்க?"

மனைவி மெதுவாக என் பக்கம் திரும்பினாள். வரப்பு, கயிறு, குண்டான் எல்லாவற்றையும் ஒன்று விடாமல் சொன்னேன். நர்ஸ் உதட்டைக் கடித்துச் சிரிப்பை அடக்கினார். நல்ல தண்ணீரில் கழுவி ஈரமில்லாமல் வையுங்கள், காய்ச்சல் வந்தால் உடனே தூக்கி வாருங்கள் என்று சொல்லிக் களிம்பு கொடுத்தார். கிளம்பும்போது, பெரியவர்களுக்கு என்று வேறு ஒரு களிம்பையும் நீட்டினார்.

"இதை நீங்க போடுங்க."

"எனக்கு எதுக்கு சிஸ்டர்? இது பன்னெண்டு வயசுலேர்ந்து இப்படித்தான் இருக்குது."

அவர் அடக்கி வைத்திருந்த சிரிப்பு எங்கேயோ போய்விட்டது. என் கையில் களிம்பைத் திணித்தார்.

வீட்டுக்கு வந்ததும் மனைவி என் வரப்பை முறத்தால் வாரி மழையில் கொட்டினாள். தரையைக் கழுவினாள். புதுக் கயிறு, புதுச் சேலை. பொறியைத் தூக்கிப் போய் அரிசிப் பானை பக்கத்தில் வைத்தாள். என்னோடு பேசவில்லை. தூளிக்கு இத்தனை அடி தள்ளி நில் என்று கையால் காட்டியதோடு சரி.

மூன்றாம் நாள் எலி மாட்டியது. கொல்ல யாருக்கும் மனசு வரவில்லை. கொண்டுபோய் விடும் வேலை எனக்கு வந்தது. உப்பளத்துக்கே போய், ஓலை மூடிய உப்புக் குவியல் பக்கத்தில் கூண்டைத் திறந்தேன். எலி அவசரப்படவில்லை. உப்பின் மேல் ஏறி, பாதியில் உட்கார்ந்து, இரண்டு கையாலும் முகத்தைத் துடைத்துக்கொண்டு ஓலைக்குள் புகுந்தது.

"எங்க உட்டீங்க?" ஆஸ்பத்திரியிலிருந்து வந்த பிறகு அவள் பேசிய முதல் வார்த்தை.

"உப்பு மேல."

"பயந்துச்சா?"

"மூஞ்சி கழுவிச்சு."

அவள் சிரித்த சிரிப்பில் குழந்தை தூக்கம் கலைந்து சிணுங்கியது. தூளியிலிருந்து எடுத்து மடியில் போட்டுக் குதிகால்களைப் பார்த்தாள். சிவப்பு குறைந்து, மெல்லிசாகப் புதுத் தோல் வந்திருந்தது. களிம்பைத் தடவிவிட்டு என் பக்கம் திரும்பினாள்.

"காலை நீட்டுங்க."

"எனக்கு வேணாம்."

"நீட்டுங்கன்றேன்."

நீட்டினேன். என் களிம்பைப் பிதுக்கிக் குதிகால் வெடிப்பில் அழுத்தித் தடவினாள். எரிந்தது. பிறகு என் கட்டைவிரலைப் பிடித்துக்கொண்டு சத்தமாக ஆரம்பித்தாள்.

"ஒண்ணு, ரெண்டு, மூணு..."

பத்து வரை எண்ணி முடித்துவிட்டு மகளிடம் சொன்னாள். "உங்க அப்பனுக்கு எல்லா வெரலும் இருக்குதுடி. எலி தொடல."