அவசரப்படாத ரீல்

போன ஞாயிற்றுக்கிழமை நான் ஒரு மீனைப் பார்த்துக் கையெடுத்துக் கும்பிட்டேன்.

சிரிக்காதீர்கள். இந்தப் பத்தியை வாராவாரம் படிப்பவர்களுக்குத் தெரியும் – நான் சுலபத்தில் கும்பிடுகிற ஆள் இல்லை. கோயிலுக்குப் போனால்கூட, வரிசையில் குறுக்கே புகுந்தவனை நாலு வார்த்தை கேட்டுவிட்டுத்தான் சாமி பக்கம் திரும்புவேன். அப்பேர்ப்பட்டவளை ஒரு மீன் கும்பிட வைத்துவிட்டது.

அதற்குக் காரணம் ஒரு ரீல். சினிமா ரீல் இல்லை. தூண்டில் ராடில் மாட்டுகிற ரீல்.

என் வீட்டுக்காரருக்கு ராமநாதபுரத்தில் வெல்டிங் பட்டறை. ஞாயிறானால் பட்டறையைப் பூட்டிவிட்டுக் கடலுக்குப் போய்விடுவார். கூட்டாளி ஜகாங்கீர், கீழக்கரைக்காரர். மஸ்கட்டில் வேலை பார்த்தபோது, பொய் மீனை எறிந்து பெரிய மீனைப் பிடிக்கிற வித்தையைக் கற்றுக்கொண்டு வந்து, இவருக்கும் அந்தப் பைத்தியத்தைத் தொற்ற வைத்தவர்.

பொய் மீன் என்றால் விரல் அளவு பொம்மை என்று நினைத்துவிடாதீர்கள். முழு வாழைக்காய் அளவு மரக்கட்டை. பெயின்ட் அடித்து, கண் வைத்து, வயிற்றில் பெரிய பெரிய கொக்கி. தலையில் பட்டால் தையல்தான். அதைத் தூர எறிய வேண்டும். தண்ணீரைக் கலக்கிக்கொண்டே இழுத்து வர வேண்டும். திரும்ப எறிய வேண்டும். நாள் முழுக்க இதே வேலை. இதற்குப் பெயர் ஓய்வாம்!

போன வருஷம் பட்டறையில் இவர் ஏணி சரிந்து விழுந்தார். வலது தோள் போயிற்று. ஆபரேஷன், பிளேட், பிசியோதெரபி... கை திரும்ப வந்துவிட்டது. ஆனால் தோளுக்கு மேலே தூக்க முடியாது. சட்டை மாட்டலாம், பட்டறை வேலை பார்க்கலாம். ராடை ஓங்கி வீச முடியாது.

இவ்வளவுதானே என்று நான் நினைத்தேன். இவ்வளவுதான் இல்லை. ஞாயிற்றுக்கிழமைகளில் டிவி முன்னால் உட்கார்ந்தார். என்ன ஓடுகிறது என்றுகூடப் பார்க்காமல் உட்கார்ந்தார். திட்டினால் பதில் இல்லை. சாம்பாரில் உப்பில்லை என்று நானே சொன்னாலும் "பரவாயில்லை" என்றார். சண்டைக்கே வராத புருஷனோடு எப்படிங்க குடும்பம் நடத்துவது?

ஒருநாள் ஜகாங்கீரைக் கூப்பிட்டார். "மாப்ள, அந்த ராடு எல்லாத்தையும் நீ எடுத்துட்டுப் போயிரு."

ஜகாங்கீர் ராடைத் தொடவில்லை.

"மச்சான், ராடுல ஒண்ணும் இல்ல. ரீலை மாத்திப் பாப்பம். உங்க பழைய ரீலு ராடுக்குக் கீழ தொங்குது. அதை வச்சு ஓங்கித்தான் வீசணும். ராடுக்கு மேல உக்கார்ற ரீலு இருக்கு. கனத்த கட்டையை வீச அதான் தோது. இடுப்போட வச்சுப் பக்கவாட்டுல வீசலாம். இடது கையில ராடு, வலது கையில சுத்து. முழங்கையைத் தூக்கவே வேணாம்."

"முடியலைன்னா?"

"முடியலைன்னா நானே வந்து அள்ளிட்டுப் போறேன். போதுமா?"

ஆக, எங்கள் வீட்டின் மிச்சமிருக்கிற ஞாயிற்றுக்கிழமைகள் எல்லாம் ஒரு ரீலின் மேல் ஏறி உட்கார்ந்துகொண்டன.

கடைக்கு நானும் போனேன். விடுவேனா? கடைக்காரத் தம்பிக்கு வாய் நிற்கவில்லை. கண்ணாடிப் பெட்டியைத் திறந்து, கறுப்பும் சிவப்புமாகப் பளபளவென்று ஒன்றை எடுத்து வைத்தார்.

"அக்கா, இதப் பாருங்க. எய்ட் இஸ் டு ஒன். கைப்பிடியை ஒரு சுத்து சுத்துனா உள்ள எட்டு சுத்து சுத்தும். புல்லட் ஸ்பீடு! எல்லாரும் இதத்தான் கேக்குறாங்க."

"தம்பி, மிளகாய் மூட்டை ஏத்துன டிராக்டர மேட்டுல டாப் கியர்ல எடுப்பியா?"

"அது வேறக்கா, இது வேற."

"என்ன வேற? உள்ள பல்சக்கரந்தான இருக்கு? வேகம் கூடுனா கையில பாரமும் கூடும்ல?"

நான் கமுதிப் பக்கத்தில் பிறந்தவள். டிராக்டர் மேட்டில் திணறுவதைப் பார்த்தே வளர்ந்தவள். ஜகாங்கீர் சிரித்தார். "அக்கா சொல்றது சரிதான். சின்னக் கட்டைக்கு ஸ்பீடு நல்லாருக்கும். இம்புட்டுப் பெரிய கட்டை தண்ணிய முட்டிக்கிட்டு வரும். அதுக்கு ஸ்லோதான் வேணும்."

தம்பி விடவில்லை. "பத்து பேரிங் இருக்குக்கா!"

"பத்து இருந்தா என்ன, நூறு இருந்தா என்ன? மாவு மில்லா வைக்கப் போறோம்? நூலைக் கட்டிக் குடு. இழுத்துப் பாக்கணும்."

"அப்படியெல்லாம் டெஸ்ட் பண்ணித் தர மாட்டோம்க்கா..."

வந்ததே எனக்குக் கோபம். "சேலை வாங்குனாலே விரிச்சுப் பாத்துத்தான வாங்குறோம்? இத மட்டும் ஏன் பெட்டியோட வாங்கணும்?"

என் சத்தத்துக்குப் பயந்தோ, என்னைச் சீக்கிரம் அனுப்பினால் போதும் என்றோ, தம்பி நூலைக் கட்டிக் கொடுத்தார். இவர் கடைக்குள் ராடைப் பிடித்துக்கொண்டு நின்றார். நூலின் மறுமுனையை ஒரு துண்டில் முடிந்து, அதைக் கையில் சுற்றிக்கொண்டு நான் நடைபாதையில் நின்று, இழுத்துப் பிடித்தேன்.

தெருவே நின்று பார்த்தது. சைக்கிளில் வந்த ஒருவர் காலை ஊன்றிக் கேட்டார். "என்னத்தா, புருசனக் கயித்துல கட்டிருக்க?"

"ஆமாய்யா. அவுத்து விட்டா டிவி பாக்கப் போயிருவாரு."

முதலில் அந்த புல்லட் ஸ்பீடு. இரண்டு சுற்று வந்தது. மூன்றாவதில் கைப்பிடி நின்றுவிட்டது. இவர் பல்லைக் கடித்தார், வலது தோள் காதுவரை ஏறியது. முகம் செத்துப்போனது. அடுத்தது எடை குறைந்த பிளாஸ்டிக் உடம்பு ரீல். நான் இழுத்த இழுப்புக்கே நெளிந்தது. பெரிய மீன் இழுத்தால் என்ன ஆகும்?

மூன்றாவதை ஜகாங்கீர்தான் கீழ்த்தட்டிலிருந்து தூசி தட்டி எடுத்தார். குண்டாக, உருண்டையாக, ஊறுகாய் டப்பா மாதிரி இருந்தது. முழுக்க உலோகம். நீளமான கைப்பிடி, அதில் கை நிறையப் பிடிக்கிற குமிழ். "அது ரொம்ப ஸ்லோக்கா. யாரும் கேக்க மாட்டாங்க" என்றார் தம்பி.

இவர் சுற்றினார். நான் போனேன்.

நிஜமாகத்தான். காலை ஊன்றி, உடம்பைப் பின்னால் சாய்த்து நின்ற என்னை, அந்த டப்பா மெதுவாக... அவசரமே இல்லாமல்... கடைக்குள் இழுத்தது. செருப்பு தரையில் தேய்ந்தது. அவருடைய முழங்கை இடுப்பை விட்டு நகரவில்லை. தோள் ஏறவில்லை. என் எடையை இங்கே எழுத மாட்டேன். ஆனால் உள்ளங்கையில் அடங்குகிற ஒரு சாமான் அதைச் சர்வ சாதாரணமாக இழுத்ததும், வாயடைத்து நின்றேன். நான் வாயடைத்து நின்றதை என் கணவர் கல்யாணமான நாளிலிருந்து அன்றைக்குத்தான் பார்த்திருப்பார்.

அடுத்து, பழக்கம். இந்த ரீலில் ஒரு வம்பு உண்டு. எறிந்ததும் உருளை தானாகச் சுழன்று நூலை விடும். பொய் மீன் தண்ணீரில் விழுகிற நேரத்தில் கட்டைவிரலால் உருளையை அமுக்க வேண்டும். அமுக்கத் தவறினால் உருளை நிற்காமல் சுழன்று, நூல் காக்காய்க் கூடாகிவிடும். அதுவும் இவருக்கு இடது கட்டைவிரல்!

ஊருக்கு வெளியே வற்றிக் கிடந்த கண்மாயில் நின்று, கொக்கியைக் கழற்றிவிட்டு, தினமும் சாயங்காலம் எறிந்தார். ஆடு மேய்த்துக்கொண்டிருந்த ஒரு பெண் ரொம்ப நேரம் பார்த்துவிட்டு என்னிடம் வந்தாள்.

"ஏக்கா, பொட்டுத் தண்ணியில்லாத கண்மாயில என்னத்தப் பிடிக்கிறாரு?"

"பழகுறாரு."

"மழை பெஞ்சப்பறம் பழகக் கூடாதா? பாவம், நல்ல மனுசரு மாதிரி இருக்காரு."

சிக்கெடுக்கிற வேலை எனக்கு. ஊக்கால் ஒவ்வொரு இழையாகப் பிரித்துக்கொண்டே வாய்க்கு வந்தபடி திட்டினேன். ஒருநாள் அவர் திரும்பி, "நூலுச் சிக்கக்கூட எடுத்துரலாம். உன் வாயி இருக்கே..." என்றார்.

ஆகா! எத்தனை மாதத்துக்கு அப்புறம் வருகிற வசவு! காது குளிர்ந்தது.

போன ஞாயிறு காலை. தங்கச்சிமடம் சூசையின் ஃபைபர் படகு. இவர், ஜகாங்கீர், நான். படகில் நான் எதற்கு என்று சூசை கேட்கவில்லை. என் முகத்தைப் பார்த்தே புரிந்துகொண்டார்.

சூசை கைத்தூண்டில்காரர். ராடும் கிடையாது, ரீலும் கிடையாது. நூலை விரலில் பிடித்தே மீனை இழுப்பவர். இந்தக் கரையில் பாதிப்பேர் அப்படித்தான். அவர்களுக்கு ஒரே சட்டம் – மீன் மாட்டிவிட்டால் ஒரு சாண் நூலைக்கூட விட்டுக்கொடுக்கக் கூடாது. விட்டால் போச்சு.

தனுஷ்கோடிப் பக்கம் போனோம். ஒரு பக்கம் கடல் பச்சையாகக் கிடந்தது, மறுபக்கம் நீலமாக ஓடியது. இரண்டும் சேர்கிற இடத்தில் தண்ணீர் கொதிக்கிற மாதிரி சுழித்தது. இதே ஜில்லாவில் பிறந்து இவ்வளவு நாளும் இதைக் கரையிலிருந்துதான் பார்த்திருக்கிறேன். நடுவில் நின்று பார்ப்பது இதுதான் முதல் தடவை.

எறிந்தார். காக்காய்க் கூடு. சிக்கெடுத்தேன். எறிந்தார். இந்தத் தடவை கட்டை நேராகப் பறந்து தூரத்தில் விழுந்தது. இழுத்தார். பொளக்... பொளக்... என்று தண்ணீரை உமிழ்ந்துகொண்டு வந்தது. மீன் இல்லை. திரும்ப எறிந்தார். வெயில் ஏறியது. இவர் தோளைத் தடவிக்கொள்வதை நான் பார்க்காத மாதிரி பார்த்துக்கொண்டிருந்தேன்.

"இன்னும் ஒண்ணு எறியிறேன்" என்றார். அதற்கு அர்த்தம் எனக்குத் தெரியும். ஜகாங்கீருக்கும் தெரியும். அப்புறம் ராடுகள் வேறு வீட்டுக்குப் போகும்.

கட்டை விழுந்தது. ஒரு பொளக். இரண்டாவது பொளக்குக்குக் கடலில் ஒரு குழி விழுந்தது.

எப்படிச் சொல்வது? தண்ணீர் திறந்தது. கதவுப் பலகை அகலத்துக்கு ஒரு முதுகு, கருவெள்ளியாக, வெளியே வந்து புரண்டது. கட்டையைக் காணோம். பாறை மீன். மார்க்கெட்டில் துண்டு துண்டாகக் கிடக்கும்போது நான் குறை சொல்லி வாங்குகிற அதே பாறை!

ரீல் அலறியது. நூல் போகிறது, போகிறது, போய்க்கொண்டே இருக்கிறது. ரீலுக்குள் டிராக் என்று ஒரு பிரேக் உண்டு. மீன் ஒரு அளவுக்கு மேல் இழுத்தால் அறுந்துபோகாமல் நூலை வழுக்க விடும். அதுதான் வேலை செய்தது. ஆனால் அந்த நேரத்தில் அது யாருக்கு நினைவில் இருக்கும்?

"அண்ணே, விடாதீக! பிடிங்க, பிடிங்க!" – சூசை பாய்ந்து வந்து, ஓடுகிற நூலை வெறும் கையால் எட்டிப் பிடித்துவிட்டார். கை பழகின பழக்கம்! பின்னல் நூல் விரலைப் பிளேடாக அறுத்தது. ராடு வளைந்து நூல் விண்ணென்று இறுகியது.

நான் சூசையின் கையில் ஓங்கி ஒரு அறை விட்டேன். "எடுய்யா கைய! அறுந்துரும்!" எடுத்துவிட்டார். அதோடு நான் நிறுத்தியிருக்கலாம். "ஏங்க, நீங்க டிராக்க இறுக்குங்க! நூலு பூராம் போகுது!" என்று இவரைப் பார்த்துக் கத்தினேன். ஜகாங்கீரும் கத்தினார். ஆளாளுக்கு "இறுக்கு, இறுக்கு" என்று கத்தினோம்.

அவர் இறுக்கவில்லை. திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

"ஓடட்டும்" என்றார். "அது ஓடுறப்ப நாம சும்மா இருக்கணும். நிக்கிறப்ப சுத்தணும்."

உருளையில் நூல் மெலிந்து, அடி தெரியத் தொடங்கியபோது மீன் நின்றது. அவர் சுற்ற ஆரம்பித்தார். ஒரு சுற்று. இன்னொரு சுற்று. முழங்கை இடுப்பில். மீன் மறுபடி ஓடியது, விட்டார். நின்றது, சுற்றினார். அந்த ஊறுகாய் டப்பா கொஞ்சமும் பதறவில்லை. அவரும் பதறவில்லை. வேர்த்துக் கொட்டியது. ஆனால் வலது தோள் இருந்த இடத்திலேயே இருந்தது.

வாழ்க்கையில் எதையுமே நான் இறுக்கித்தான் பார்த்திருக்கிறேன். குழாயை, பிள்ளைகளை, இவரை. விட்டுப் பிடிப்பதிலும் இவ்வளவு பலம் இருக்கும் என்று என் கண்ணால் பார்த்தது அன்றைக்குத்தான்.

மீன் படகோரம் வந்தது. சூசை, அறுபட்ட விரலில் துணியைச் சுற்றிக்கொண்டு, வாலைப் பிடித்தார். அது சாய்ந்து கிடந்து, எலுமிச்சம்பழம் அளவு கண்ணால் எங்களைப் பார்த்தது. பயம் இல்லை அந்தக் கண்ணில். அலுப்புத்தான்.

"கொக்கியக் கழட்டி விட்று, சூசை" என்றார் இவர்.

"அண்ணே! கிறுக்கா பிடிச்சிருக்கு? ஊரே திங்கலாமே இத!"

"ரொம்ப மெனக்கெட்டிருச்சுடா. போகட்டும்."

சூசை என்னைப் பார்த்தார், நான் சண்டை போடுவேன் என்று. நான் மீனைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன். தண்ணீருக்குள் அந்த உடம்பு செவுளைத் திறந்து, ஒருமுறை மூச்சு வாங்கி, தலையைக் கீழே திருப்பி, நீலத்துக்குள் இறங்கியது. அப்போதுதான் என் கைகள் தாமாகக் குவிந்தன.

"மாஷா அல்லாஹ்" என்றார் ஜகாங்கீர், மெதுவாக. அப்புறம் குறும்பாக, "அப்ப மச்சான், ராட நான் எடுத்துட்டுப் போகவா?"

"கையை வச்சுப் பாரு, பாப்பம்!" என்றார் இவர். சிரித்துக்கொண்டேதான் சொன்னார். அந்தச் சிரிப்பைப் பார்க்கச் சூசையின் ஒரு விரல் போதாது, என் பத்து விரலையும் கொடுத்திருப்பேன்.

வீட்டுக்கு வருகிற வழியில் பாம்பனில் வண்டியை நிறுத்தினோம். கடலில் மீன் பிடித்துவிட்டு வந்த புருஷனைப் பக்கத்தில் நிறுத்திக்கொண்டு, ரோட்டோரத்தில் மீனுக்குப் பேரம் பேசினவள் இந்த ஜில்லாவிலேயே நான் ஒருத்தியாகத்தான் இருப்பேன் – அதுவும் பாறை மீனுக்கு!