இருட்டில் சிரித்த பாடகர்

போன செவ்வாய்க்கிழமை, டீ குடித்துவிட்டு வேலையில் உட்கார்ந்த நேரம். கரண்ட் போய்விட்டது. நான் வேலை பார்க்கும் பனியன் கம்பெனியில் செக்கிங் ஹாலுக்கு ஜன்னல் கிடையாது, பட்டப்பகலிலும் கும்மிருட்டு. ஜெனரேட்டர் ஓட ஒரு நிமிஷம் ஆகும்...

அந்த ஒரு நிமிஷத்தில்தான் அவர் சிரித்தார்.

ஒருவரா? டேபிள் மேல், ரேக்கில், தரையில் — பச்சை வெளிச்சமாக எங்கு பார்த்தாலும் ஒரே முகம்! "பூத்! பூத்!" என்று பீகார்ப் பெண் அலறினாள். பேய் என்று அர்த்தமாம். அர்த்தம் தெரியாமலேயே நாங்களும் அலறினோம்.

கரண்ட் வந்தது. பார்த்தால், வெறும் பனியன்கள். அமெரிக்காவில் ஒரு காலத்தில் ஆட்டம் போட்ட ராக் அண்ட் ரோல் பாடகர் படம் அச்சடித்த ஆர்டர்.

"ரேடியம் இங்க்குங்கம்மா. வெளிச்சத்தைக் குடிச்சு வெச்சுட்டு இருட்டுல கக்கும்" என்றார் சூப்பர்வைசர் தம்பி. "ஆளு செத்து ரொம்ப வருசமாச்சுங்க. ஆனா சாகலைன்னு இன்னும் கதை ஓடுது. பெட்டிக்குள்ள வெச்சது மெழுகுப் பொம்மையாம். பெட்ரோல் பங்க்குல பாத்தாங்களாம், ஏர்போர்ட்டுல பாத்தாங்களாம்..."

"நெசமாங்க?" என்றாள் ஒருத்தி.

"அட, அத்தனையும் புளுகுங்க. டாக்டர் எழுதிக் குடுத்திருக்கார், கல்லறை இருக்குது. அதே மாதிரி முடி வெட்டி, அதே மாதிரி டிரஸ் போட்ட எவனையாவது பாத்திருப்பாங்க."

எல்லோரும் சிரித்தோம். என் பக்கத்தில் பிசிறு வெட்டிக்கொண்டிருந்த செல்வி மட்டும் சிரிக்கவில்லை.

செல்வி தென்காசிப் பக்கத்துப் பெண். அவள் புருஷன் இதே கம்பெனியில் பிரிண்டிங் செக்‌ஷனில் இருந்தான். நாலு வருஷத்துக்கு முன் ஒரு காலையில், பல்லடம் வரைக்கும் போய்விட்டு வருகிறேன் என்று கிளம்பினவன்தான். திரும்பவில்லை. போட்டிருந்தது இதே முகம் போட்ட பனியன்.

அப்புறம் அவிநாசித் தேரில் பார்த்தேன், தாராபுரம் பஸ்ஸில் பார்த்தேன் என்று எத்தனை பேர்! கேட்டுக் கேட்டு மாமியாருக்கு அலுத்துவிட்டது. வெள்ளிக்கிழமை மகன் போட்டோவுக்கு மாலை போடுவது என்று முடிவாகியிருந்தது. அங்கே மாலை ஏறினால், இங்கே செல்வி கழுத்துத் தாலி இறங்க வேண்டும்.

"ஆச்சி... எங்க வீட்டுக்காரவுகளைப் பாத்தவுகளும் புளுகுதான் சொல்லுதாகளா?"

நாலு பேர் முன்னால் வாய் திறக்காதவள் நான். ஆனால் இதற்குப் பதில் என்னிடம்தான் இருந்தது. நாலு வருஷத்துக்கு முன் இந்தப் படம் முதல் தடவை ஆர்டராக வந்தபோது செக் செய்தவள் நான். ரேடியம் சரியாகப் பிடிக்கவில்லை. இருட்டில் ஒரு பீஸும் ஒளிரவில்லை; அதனால்தான் அந்த முகம் ஒளிர்ந்து நான் பார்த்ததே இல்லை. லாட் முழுக்க ரிஜெக்ட்! என் கையால்தான் சிவப்பு ஸ்டிக்கர் ஒட்டினேன். அத்தனையும் ரோட்டோரக் கடைகளுக்குப் போய், ஊரில் பாதிப் பேர் நெஞ்சில் அந்த முகம்தான்.

காதோடு சொன்னேன். "பனியனைத்தான் பாத்திருக்காங்க கண்ணு. ஆளை இல்லை."

செல்வி கத்தரியைக் கீழே வைத்தாள்.

"அவுக போட்டுட்டுப் போனது லாட் பீஸ் இல்ல ஆச்சி. முதல்ல அடிச்ச சாம்பிள். அது ஒண்ணுதான் ஒளிரும். லைட்டை அணைச்சுட்டு என்னையப் பயங்காட்டுவாக."

"சரி..."

"போன வாரம் அவிநாசிபாளையத்து டீக்கடை அக்கா சொன்னாக. மழை இருட்டாம், கரண்ட் இல்லையாம். ரோட்டுல ஒரு மூஞ்சி மட்டும் பச்சையா நடந்து போச்சாம்."

டீக்கடைக்காரிக்கு ரேடியம் சங்கதி எப்படித் தெரியும்? புது ஆர்டரில் ஒரு பீஸ்கூட இன்னும் கம்பெனி வாசலைத் தாண்டவில்லையே!

வெள்ளிக்கிழமை செல்வி என்னை வீட்டுக்குக் கூட்டிப் போனாள். மாலை தட்டில் தயாராக இருந்தது. "நீங்களாவது நெசத்தைச் சொல்லுங்கம்மா" என்றார் மாமியார்.

"அந்தப் பாடகர் செத்தது நெசமுங்க. அது மட்டுந்தான் எனக்குத் தெரியும்."

மாலை தட்டிலேயே வாடியது.

இப்போது கரண்ட் போனால் மற்றவர்கள் பனியன்களைப் பார்த்துச் சிரிக்கிறார்கள். நான் வாசலைப் பார்க்கிறேன்.