பார்க்காமல் போட்ட டிக்

அமெரிக்காவில், சன்னிவேலில், நான் கூட வந்து தங்கியிருக்கும் என் மகளுக்கு இருந்த பெரிய கம்பெனி வேலை போனது. ஒரு மாசம் அலைந்து ஒரு சின்ன கம்பெனியில் மூணு மாச வேலை பிடித்தாள். செய்து காட்டினால் நிரந்தரம். இல்லையென்றால் விசாவும் நிற்காது, பெட்டியைக் கட்ட வேண்டியதுதான்.

அவளுக்குக் கொடுத்த வேலை இது. ஐரோப்பாவில் ஒரு தேசம். அங்கே தொகுதிவாரியாக எந்தக் கட்சிக்கு எவ்வளவு ஓட்டு, எத்தனை பேருக்கு வேலை இல்லை, இரண்டையும் ஒரே மேப்பில் கலர் போட்டுக் காட்ட வேண்டும். வேலையில்லாதவர்கள் கணக்கு, பழைய காகிதங்களைப் படம் பிடித்து அனுப்பினதாக வந்தது. கம்ப்யூட்டர் அதைத் தப்புத் தப்பாகப் படிக்க, அவளே உட்கார்ந்து டைப் அடித்தாள். சரிபார்க்க இன்னொரு ஆள் வேண்டும் என்றாள். நான் இருக்கிறேன் என்றேன்.

நான் படித்தது மூணாங்கிளாஸ். இங்கிலீஷ் எழுத்து தெரியாது. ஆனால் நம்பர் தெரியும். கோயமுத்தூர் மில்லில் பதினெட்டு வருஷம் நூல் கோன் எடை குறித்தவள் நான். மேஸ்திரி ஒரு நாள்கூட என்னைத் திருப்பிக் கேட்டதில்லை.

அவள் கம்ப்யூட்டரைப் பார்த்துத் தொகுதி நம்பரையும் கணக்கையும் வாசிப்பாள். நான் அந்தப் படத்தை அச்சடித்த காகிதத்தில் விரல் வைத்துப் பார்த்து, சரி என்று சொல்லி டிக் போடுவேன். ரெண்டு நாள் நன்றாகவே போனது. மூணாம் நாள் மதியம் ரசம் சாதம் சாப்பிட்டுவிட்டு உட்கார்ந்தேன். கண் சொக்கிவிட்டது. வாய் மட்டும் சரி, சரி என்று சொல்லிக்கொண்டிருந்திருக்கிறது. விழித்தபோது அவள் பதினேழாம் பக்கம் முடிந்தது என்றாள். என் காகிதத்தில் பாதிப் பக்கம் காலி. தூங்கிவிட்டேன் என்று சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. மீதி டிக்கை மளமளவென்று போட்டேன். ராத்திரிக்குள் மற்றப் பக்கங்களும் முடிந்தன.

மறுநாள் காலை காபி குடிக்கும்போது கம்ப்யூட்டரைத் திருப்பி மேப்பைக் காட்டினாள். சந்தோஷமாக இருந்தாள். அந்தத் தேசத்தில் சுரங்கம் மூடின ஒரு ஓரத்தில், வேலையில்லாதவர்கள் அதிகம் இருக்கிற ஊர்களே ஆளுங்கட்சிக்கு ஓட்டை அள்ளிப் போட்டிருக்கின்றன, யாரும் எதிர்பார்க்காதது, நாளைக்கு மேனேஜரிடம் இதைத்தான் முதலில் காட்டப்போகிறேன் என்றாள்.

நான் காபி டம்ளரைக் கீழே வைத்தேன். எங்கள் மில் மூடின வருஷம் எங்கள் லைன் வீடுகளில் ஒருத்தரும் ஆளுங்கட்சிக்குப் போடவில்லை. அந்த ஊர்க்காரர்கள் எப்படியோ, எனக்கென்ன தெரியும். ஆனாலும் அந்தக் கணக்கு காகிதத்தில் எத்தனையாம் பக்கம் என்று கேட்டேன். காகிதத்தைப் புரட்டிப் பார்த்துவிட்டு, பதினேழு என்றாள்.

"கண்ணு, அந்தப் பக்கத்துல பாதி நான் பாக்கலை. தூங்கிட்டேன்."

"டிக் போட்டிருக்கயேம்மா?"

"பாக்காம போட்டேன்."

அவள் காகிதத்தை எடுத்துக்கொண்டு போய்க் கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்தாள். நடுவில் ஒரு வரியை ரெண்டு தரம் அடித்து, கடைசி வரியை விட்டிருந்தாள். அதற்குக் கீழே எல்லாம் ஒரு ஊர்க் கணக்கு அடுத்த ஊருக்குப் போயிருந்தது. திருத்தினதும் மேப்பில் கலர் மாறியது. அவள் சொன்ன அதிசயம் போய்விட்டது. மற்ற இடங்களைப் போலவே அங்கேயும் வேலையில்லாதவர்கள் அதிகமான ஊர்கள் ஆளுங்கட்சிக்குக் குறைவாகத்தான் போட்டிருந்தன.

"இதை நாளைக்குக் காட்டியிருந்தா என் கதை முடிஞ்சிருக்கும்மா," என்றாள். திட்டவில்லை. திட்டியிருந்தால் தேவலை என்றிருந்தது எனக்கு.

மேனேஜருக்கு எழுதி ரெண்டு நாள் கூடக் கேட்டாள். கொடுத்தார். முதல் பக்கத்திலிருந்து மறுபடி வாசித்தோம். இந்தத் தடவை மதியச் சாப்பாட்டுக்கு அப்புறம் நான் உட்காரவில்லை, நின்றுகொண்டே டிக் போட்டேன். வேலை நிரந்தரமா என்று இன்னும் தெரியவில்லை. அந்தத் தப்பை யார் கண்டுபிடித்தது என்று மட்டும் மேனேஜர் கேட்டாராம். எங்கம்மா என்று சொன்னாளாம். தூங்கினதும் அம்மாதான் என்று சொன்னாளா என்று நான் கேட்கவில்லை.