7.31-க்கு வந்த கட்டியக்காரன்

இது கதை இல்லை. நான் கதை எழுதுகிறவனும் இல்லை. மரக்காணத்தில் முப்பத்தாறு வருடம் ரேடியோ, டி.வி. ரிப்பேர் பார்த்துப் பிழைத்தவன். பழைய டி.வி. நகைச்சுவை நிகழ்ச்சிகளைப் பற்றி யாராவது ஆசையாகப் பேச ஆரம்பித்தால் எழுந்து போய்விடுவேன். "அந்தக் காலத்துப் பொங்கல் சிறப்பு நிகழ்ச்சி மாதிரி வருமா?" என்பார்கள். வரவே வேண்டாம் சாமி. அதிலும் ஜனங்கள் சிரிக்கும் சத்தம் பின்னால் கேட்டால், என் கை தானாகவே சுவிட்சுக்குப் போய்விடும். வீட்டில் கேலி செய்கிறார்கள். செய்துவிட்டுப் போகட்டும். 1978, ஜனவரி 14, சனிக்கிழமை சாயங்காலம் நான் பார்த்ததை அவர்கள் பார்க்கவில்லை.

அப்போது எங்கள் தெருவில் ஒரே ஒரு டி.வி. உப்பு வியாபாரி பக்தவச்சலம் வீட்டில் இருந்தது. மரக்கதவு போட்டுப் பூட்டுகிற பெரிய பெட்டி. மெட்ராஸிலிருந்து இவ்வளவு தூரத்துக்குப் படம் ஒழுங்காக வராது. மாடியில் நாற்பதடிப் பைப் நட்டு ஆன்டெனா கட்டியிருந்தேன். நிகழ்ச்சி முடிகிற வரை ஒரு ஆள் மேலே நின்று அதைத் திருப்பிக்கொண்டே இருக்க வேண்டும். பாவம், அந்த ஆளுக்கு மட்டும் படம் கிடையாது.

பாவாடை என் சிநேகிதன். பகலில் உப்பளத்தில் கூலி வேலை. ராத்திரியில் கிளியனூர் நடராசனின் கூத்து ஜமாவில் கட்டியக்காரன், அதாவது கோமாளி. அவன் சும்மா வந்து நின்றாலே ஜனம் சிரிக்கும். புரட்டாசியில் அந்த ஜமாவை மெட்ராஸுக்குக் கூப்பிட்டு டி.வி.க்காகப் பத்து நிமிஷம் பதிவு செய்தார்கள். பொங்கலன்று போடுவோம் என்றார்களாம். "எம் மூஞ்சிய நானே உக்காந்து பாக்கப் போறேண்டா" என்று ஊரெல்லாம் சொல்லிக்கொண்டு திரிந்தான்.

பார்க்கவில்லை. கார்த்திகை மழையில் வரப்பில் கால் வழுக்கிப் பக்கிங்காம் கால்வாயில் விழுந்தான். மறுநாள் காலையில் மதகுப் பக்கம் கிடைத்தான்.

அவன் மனைவி அமராவதியிடம் அவனுடைய போட்டோ ஒன்றுகூட இல்லை. கல்யாணத்துக்குக்கூட எடுக்கவில்லை. மார்கழியில் ஒருநாள் கடைக்கு வந்தாள்.

"அண்ணே, எனக்கு அவரு மூஞ்சி மறந்துகினே வருது. பயமா கீது. பொங்கல் அன்னிக்கு ஒரே ஒரு தபா பாத்துட்டேன்னா போதும். படம் நல்லா வருமாண்ணே?"

"வரும்மா. நான் வர வெக்கிறேன்" என்று வாக்குக் கொடுத்தேன். அன்றிலிருந்து எனக்குத் தூக்கம் இல்லை.

பொங்கலன்று மாலை 6.40. முற்றத்தில் நாற்பது பேர். முன்வரிசையில் அமராவதி. தலைக்குக் குளித்து, எண்ணெய் வைத்துப் படிய வாரி, கோயிலுக்கு வந்தவள் மாதிரி உட்கார்ந்திருந்தாள். மாடியில் ஆன்டெனாவுக்கு சடையப்பனை நிறுத்தினேன். உப்பு லாரியில் லோடு ஏற்றுகிறவன், நல்ல பலசாலி.

படம் மோசம். புள்ளி புள்ளியாகக் கொட்டியது. பூ வைத்த ஒரு அம்மாள் வணக்கம் சொன்னார். மெல்லிசை வந்தது. ஒருவர் புறா வரவழைத்தார். இன்னொருவர் ரயில் மாதிரி, ஆடு மாதிரி கத்திக் காட்டினார்.

"இன்னும் கெழக்க திருப்புப்பா!" என்று நான் கத்துவேன். "இப்ப?" என்று மேலிருந்து குரல் வரும்.

7.28. படம் சுத்தமாகப் போய்விட்டது. ஒரே இரைச்சல். அடுத்தது கூத்துதான். 

"சடையப்பா! திருப்புடா!"

பதில் இல்லை.

"டேய்!"

7.31. படம் வந்தது.

அப்படி ஒரு படத்தை அந்தப் பெட்டியில் நான் பார்த்ததே இல்லை. ஒரு புள்ளி இல்லை. ஒரு ஆட்டம் இல்லை. காலி மேடை மட்டும் தெரிந்தது. தரை ஈரமாகப் பளபளத்தது.

இரைச்சலும் நின்றிருந்தது. காலி மேடையைப் பார்த்து யாரோ கூட்டமாகச் சிரித்தார்கள். டி.வி.க்குள்ளேதான்.

பெட்டியை ஒட்டி ஓரமாக நின்ற எனக்கு ஒரு வாடை அடித்தது. சூடான வால்வு வாடை எனக்குத் தெரியும். இது அது இல்லை. கால்வாய்ச் சேறு…

தொப்.

மேடை ஓரத்தில் ஒரு ஆள். தலை குனிந்திருந்தது.

தொப்… தொப்…

இரண்டு காலையும் சேர்த்து வைத்துக் குதித்துக் குதித்து வந்தான். உள்ளே சிரித்தார்கள். முற்றத்திலும் சிரித்தார்கள்.

தலை நிமிர்ந்தது. பாவாடை.

முகத்தில் அரிதாரம் இல்லை. தலையில் கோமாளிக் குல்லா இல்லை. தாடையைச் சேர்த்து உச்சந்தலையில் ஒரு துணி கட்டியிருந்தது. நெற்றியில் ஒரு காசு.

"பாத்தியா, பொணம் மாதிரி வேஷம் கட்டிகினு வந்துட்டான்!" என்று பக்தவச்சலம் தொடையில் தட்டிச் சிரித்தார். முற்றமே உருண்டு புரண்டது.

நான் சிரிக்கவில்லை. நான் அவன் காலைப் பார்த்தேன்.

கட்டைவிரல் இரண்டையும் சேர்த்துக் கட்டியிருந்தது. கயிறு இல்லை. தட்டையான ஒயர். ஆன்டெனா ஒயர்.

அதைக் கட்டியவன் நான். அவன் பிணமாகக் கிடைத்த அன்று காலை இதே வீட்டுக்கு ஆன்டெனா வேலைக்காகப் போய்க்கொண்டிருந்தேன். வழியில்தான் அவனைக் கரையில் தூக்கிப் போட்டிருந்தார்கள். கயிறு அகப்படவில்லை. பையிலிருந்த ஒயரில் ஒரு முழம் வெட்டி, கால் விரல்களைக் கட்டினேன். குழியில் இறக்குமுன் எல்லாக் கட்டையும் அவிழ்த்துவிட வேண்டும். அதுதான் முறை. கொட்டுகிற மழை. குழியில் தண்ணீர் ஏறிக்கொண்டே இருந்தது. அவசரமாக இறக்கி, அவசரமாக மூடினோம். வீடு திரும்பும்போது பாதி வழியில்தான் அந்த ஒயரை அவிழ்க்காதது எனக்கு ஞாபகம் வந்தது… யாரிடமும் சொல்லவில்லை.

துணி மக்கிவிடும். அந்த ஒயர் மக்காது.

தொப்… தொப்…

அவன் முன்னால் வந்தான். வாய் திறக்கப் பார்த்தான். முடியவில்லை. உள்ளே இன்னும் பலமாகச் சிரித்தார்கள்.

அமராவதி எழுந்தாள். திரும்பி என்னைப் பார்த்தாள்.

"அண்ணே… கால் கட்ட அவுத்தீங்களா?"

நான் தலையைக் குனிந்துகொண்டேன்.

"அவுத்தீங்களாண்ணே?"

முற்றத்தில் சிரிப்பு நின்றது.

உள்ளே நிற்கவில்லை.

அவள் பெட்டியின் முன்னால் மண்டியிட்டாள். கண்ணாடியில் அவன் கால் தெரிந்த இடத்தில் விரலை வைத்தாள். நகத்தால் நெருடினாள். முடிச்சு அவிழ்ப்பது போல. கிறீச்… கிறீச்…

இரண்டு நிமிஷம் இருக்கும்.

சிரிப்பு நின்றது.

ஒரு கால் தனியாக எடுத்து வைத்தான்.

இன்னொரு கால்.

நடந்தான்.

முகம் கிட்டே வந்தது. இன்னும் கிட்டே. அவளைப் பார்த்தான்…

7.37. படம் ஒரு தடவை உருண்டது. பழையபடி இரைச்சல்.

படியில் தடதடவென்று காலடி. சடையப்பன் இறங்கி வந்தான்.

"கோவிச்சுக்காதீங்கண்ணே. ஆன்டெனா ஒயரு கழண்டு கையோட வந்துடுச்சு. இருட்டுல எங்க மாட்டுறதுன்னே தெரியல. பத்து நிமிஷமா கையில புடிச்சுகினு நிக்கிறேன். படம் போயிடுச்சா?"

அமராவதியைப் பார்த்தேன். அவள் அழவில்லை. முந்தானையால் விரலைத் துடைத்துக்கொண்டிருந்தாள். நகக்கண் எல்லாம் கறுப்புச் சேறு.

மாசி மாதம் கிளியனூர் நடராசன் என் கடைக்கு வந்தார். பொங்கலன்று பாவாடையை டி.வி.யில் பார்த்தோம் என்றேன். அவர் என்னை ஒரு மாதிரி பார்த்தார்.

"எந்தப் பாவாடைய? எங்க கூத்தே வரலீங்களே. பொங்கலுக்கு மெட்ராஸ்ல மச்சான் வூட்டுல இருந்தேன். ஏழரைக்கு வீணைக் கச்சேரி போட்டாங்க. மறுநாளே நேர்ல போய்க் கேட்டேன். டேப்பு பத்தாதாம். எடுத்ததை அழிச்சுட்டு மேலயே வேற எடுத்துக்கறது வழக்கமாம். எங்களோடத ஐப்பசிலயே அழிச்சுட்டாங்களாம்."

ஐப்பசியில் பாவாடை உயிரோடு இருந்தான்.

அன்றே உப்பளத்துக்குப் போனேன். நடுப்பகல். வெயிலில் உப்பு கண்ணைக் கூச வைத்தது. அமராவதி கூடை தூக்கிக்கொண்டிருந்தாள். நடராசன் சொன்னதை அப்படியே சொன்னேன். ஒயர் விஷயத்தையும் சொல்லிவிட்டேன். காலில் விழவும் தயாராக இருந்தேன்.

அவள் கூடையை இறக்கி வைக்கக்கூட இல்லை.

"அது போவுது வுடுங்கண்ணே" என்றாள். "இப்பல்லாம் நடந்துதான் வர்றாரு."