ஜன்னலுக்கு முன்னால் போட்ட நாற்காலி

போன வாரம் புத்தூரில் ஒரு கடைக்குப் போய், பழைய வீடியோ கேசட்டை பென் டிரைவில் ஏற்றித் தரச் சொன்னேன். கடைக்காரர் ஓடவிட்டுப் பார்த்தார். "இதுல ஒக்காந்துகினு இருக்கறது யாரும்மா?" என்றார்.

என் வீட்டுக்காரர்.

என் வீட்டுப் பெருமையை இந்த ஃபேஸ்புக் பக்கத்தில் நிறையப் பேசியிருக்கிறேன். இது பேசாத கதை... நான் சொல்லச் சொல்ல எழுதும் மருமகளுக்கே புதிது.

கார்வேட்டிநகரம் பக்கம் அடுத்தவர் நிலத்தில் கூலிக்குப் போன குடும்பம் எங்களுடையது. மகன் குவைத்தில் டிரைவராகிச் சம்பாதித்து அனுப்பினான், மெத்தை வீடு கட்டினோம். அவன் கேட்டது ஒன்றே ஒன்று: "நைனாவ வீடியோ புடிச்சி அனுப்பும்மா. மொகத்தப் பாத்து மூணு வருசம் ஆவுது."

வீடியோக்காரர் வந்த சாயங்காலம் கரண்ட் இல்லை. கேமராவுக்கு பேட்டரி இருந்தது. பெரிய லைட்டுக்கு வழியில்லை. வாசலில் நல்ல வெயில் இருக்கிறது, பெரியவரை அங்கே உட்கார வையுங்கள் என்றார். இவரும் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு கிளம்பிவிட்டார்.

நான் விடுவேனா? மண்ணிலேயே நின்று காலம் போன மனுஷன் — இன்றைக்கும் மண்ணிலா? மயில் வைத்த கிரில் ஜன்னல் ஊரிலேயே எங்கள் வீட்டில்தான். அதற்கு முன்னால் நாற்காலியைப் போட்டேன்.

"வெளிச்சம் முதுகுப் பக்கம் இருக்குதும்மா. ஜன்னல்தான் தெரியும், மொகம் கறுத்துப்பூடும்."

"எங்கண்ணுக்கு நல்லாத்தானே தெரியுது? நீ புடிப்பா."

இவர் போய் நாற்காலியில் உட்கார்ந்தார். கேமராவைப் பார்த்து, "வேளைக்குத் துன்றியாடா?" என்று மட்டும் கேட்டார்.

கேசட் போய்ச் சேர்ந்ததும் மகன் எஸ்.டி.டி. பூத்துக்கு போன் செய்தான். "வீடு சூப்பரா கீதும்மா. மயிலு கொண்டகூடத் தெரியுது. நைனா மொகந்தான் தெரியல."

லீவில் வரும்போது நேரிலேயே பார்த்துக்கொள் என்று சொல்லிவிட்டேன். அவன் வந்தது காரியத்துக்கு.

புத்தூர் கடைக்காரர் வெளிச்சத்தைக் கூட்டிக் கூட்டிப் பார்த்தார். ஜன்னல்தான் இன்னும் வெளுத்தது. முகம் இருந்த இடத்தில் சாம்பல் நிறத்தில் புள்ளி புள்ளியாய் என்னவோ நெளிந்தது. "அன்னைக்கே பதியலம்மா. இல்லாதத நான் எங்கருந்து எடுப்பேன்?"

வேண்டியவர் முகத்தை நம் கண் அரை இருட்டிலும் தேடிப் பிடித்துவிடுகிறது. கேமராவுக்கு யார் வேண்டியவர்? வெளிச்சம் எங்கே விழுந்ததோ, அதுதான். அதைக் குறை சொல்லி என்ன? நாற்காலியைப் போட்டது நான்.

இப்போது மகன் வீடியோ காலில் கூப்பிட்டால், போனோடு வாசலுக்கு வந்துவிடுகிறேன். வெயில் முகத்தில் அடிக்கிறது, கண் கூசுகிறது... அடிக்கட்டுமே.