அண்டாவின் ஞானத்தாய்

இஞ்சினியர் செனோபியா வாராச்சி கத்தினால் யாரும் பயப்பட மாட்டார்கள். அவள் கத்துவது மூச்சு விடுவது மாதிரி. சத்தம் நின்றுபோனால்தான் புக்கமாயு ஆஸ்பத்திரியில் எல்லோரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொள்வார்கள். அந்த மார்ச் மாதம் அவள் கிட்டத்தட்ட ஊமையாகியிருந்தாள்.

எல்லாம் ஒரு ரிப்பனால் வந்தது. ஆஸ்பத்திரியின் பின்பக்கம், துணி துவைக்கும் கூடத்தை ஒட்டிப் புதிதாக ஓர் அறை கட்டி, அதில் ஐரோப்பியப் பணத்தில் வாங்கிய நீராவி இயந்திரத்தை நிறுத்தியிருந்தார்கள். குத்திய ஊசி, சிரிஞ்சு, ரத்தம் ஊறிய பஞ்சு எல்லாவற்றையும் அதற்குள் போட்டு மூடியை முடுக்கினால், அவித்துக் கிருமியைக் கொன்றுவிடும். கொண்டுவந்தவர்கள் வைத்த பெயர் ஒரு முழ நீளம். ஆஸ்பத்திரிக்காரர்கள் பார்த்ததும் ‘அண்டா’ என்று சொல்லிவிட்டார்கள், அதுவே நிலைத்துவிட்டது. அண்டா நல்ல நிலையில் இருந்தது. சோதித்துப் பார்த்தாயிற்று, பயிற்சியும் கொடுத்தாயிற்று. ஆனால் அறைக் கதவின் குறுக்கே சிவப்பு, மஞ்சள், பச்சை நிறத்தில் ரிப்பன் கட்டி, அதன் நடுவில் ஒரு குட்டி மது பாட்டிலைத் தொங்கவிட்டிருந்தார்கள். ஞானஸ்நானத்தில் குழந்தைக்குப் பொறுப்பேற்கிற இரண்டாவது தகப்பனைப் போல, அண்டாவுக்கும் ஒரு ஞானத்தகப்பன் வந்து சுத்தியலால் அந்தப் பாட்டிலை உடைக்க வேண்டும். அதுவரை அண்டா பிறக்கவில்லை என்று கணக்கு.

புக்கமாயுவில் ஞானத்தகப்பன் இல்லாமல் ஒரு பொருளும் வேலை செய்யாது. ரொட்டிக்கடை அடுப்புக்கு உண்டு, கால்பந்து அணியின் சட்டைக்கு உண்டு, பள்ளிக்கூடத்துக் கழிப்பறைக்குக்கூட ஒருவர் இருக்கிறார், பாவம். பாட்டில் உடைந்ததும் சாராயமும் கொக்கா இலையும் காகிதப் பூவும் தூவி, பூமித்தாய்க்கு அவள் பங்கைக் கொடுத்துவிட்டுத்தான் சுவிட்சைத் தொடுவார்கள். செனோபியா இதைக் கேலி செய்ய முடியாது. ஓருரோவுக்குப் பக்கத்தில் ஒரு சுரங்கக் குடியிருப்பில் பிறந்தவள். ஆகஸ்ட் வந்தால் தன் வீட்டு முற்றத்திலேயே பூமித்தாய்க்குப் படையல் எரிப்பவள்.

அதோடு, இந்தச் சிக்கலில் அவளை மாட்டிவிட்டது அவளேதான். அண்டாவுக்கு யாரை ஞானத்தகப்பனாக வைப்பது என்று பேச்சு வந்தபோது, ஊர்க்காரர்கள் பேருந்துச் சங்கத் தலைவரைச் சொன்னார்கள். செனோபியா விடவில்லை. ‘பெரிய ஆளாப் பாப்போம், நாளைக்கு ஒண்ணுன்னா மேலிடத்துல நமக்கு ஒரு கை வேணும்’ என்று சொல்லி, அரசாங்கம் இருக்கும் லா பாஸுக்கே போய்த் துணை அமைச்சரைக் கேட்டாள். அவரும் நெஞ்சில் கைவைத்து ஒப்புக்கொண்டார். ஒப்புக்கொண்ட ஞானத்தகப்பனை மாற்றினால் அதைவிடப் பெரிய அவமானம் இல்லை. குழந்தையை வேண்டாம் என்று திருப்பிக் கொடுப்பது போல.

முதல் தடவை அவர் வரவிருந்த நாளில் சுரங்கத் தொழிலாளர்கள் நெடுஞ்சாலையில் பாறையை உருட்டிவிட்டார்கள். சரி, அதற்கு யாரும் பொறுப்பில்லை. அடுத்த தடவை, பெயர்ப் பலகையில் தன் பெயர் இன்னும் பெரிதாக இருக்க வேண்டும் என்று சொல்லி அனுப்பினார். புதுப் பலகை செய்தார்கள். மூன்றாவது தடவை, அவசர அரசாங்க வேலை என்று தகவல் வந்தது. அன்று மாலை சமையல்கட்டுத் தொலைக்காட்சியில் ஓருரோ திருவிழா ஓடிக்கொண்டிருந்தது. பிசாசு நடனக் கூட்டத்தின் முன்வரிசையில், முகமூடியைத் தலைக்கு மேல் தூக்கிவிட்டு வியர்வையைத் துடைத்துக்கொண்டு நின்றார் துணை அமைச்சர்.

“பரவால்ல, இஞ்சினியரம்மா. நல்லாத்தான் ஆடுறாரு,” என்றாள் சமையல்காரி.

செனோபியா உருளைக்கிழங்கு சூப்பை அப்படியே வைத்துவிட்டு எழுந்து போனாள்.

இதற்குள் குப்பை நிற்குமா? பின் முற்றத்தில் சிவப்புப் பைகள் சுவரளவுக்கு ஏறிவிட்டன. பழைய எரிகுழியை மூடச் சொல்லி அவள்தான் மூட வைத்திருந்தாள், அந்தப் புகை குழந்தைகள் வார்டுக்குள் போகிறது என்று. நாய்கள் பையைக் கிழித்தன. காற்று வேறு, இந்த மேட்டுநிலத்துக் காற்று, எதையும் ஓரிடத்தில் இருக்கவிடாது. ஊசிகளை அட்டைப் பெட்டியில்தான் போட வேண்டும். பெட்டிகள் மழையில் ஊறிப் பிரிந்துகொண்டிருந்தன. யாராவது ஒருத்தருக்கு ஊசி ஏறப்போகிறது, இன்றோ நாளையோ, அது யாருக்கு என்பதுதான் தெரியாது. முற்றத்தை ஒரு நாளைக்குப் பத்துத் தடவை கடக்கும் துணி துவைக்கிற பெண்களைப் பார்க்கும்போதெல்லாம் அவள் கண் அவர்கள் காலுக்கே போனது.

ஆஸ்பத்திரித் தலைவர் டாக்டர் காஸ்தோன் உர்கிதியிடம் போய் நின்றாள்.

“டாக்டர், ரிப்பன் தொங்கட்டும். அதைத் தூக்கிப் புடிச்சுக்கிட்டு உள்ள போயி அண்டாவ ஓட்டுவோம். யாருக்குத் தெரியப்போவுது?”

“ஐயையோ! அவர்கிட்ட கூரைக்கு மனு போட்டிருக்கேன். கோவிச்சுக்கிட்டா மழைக்காலம் முழுக்க நான் குடை புடிச்சுக்கிட்டுதான் ஆபரேஷன் பண்ணணும்.”

“ஊசி குத்தி யாராவது படுத்துட்டா?”

“சாமி காப்பாத்தணும்,” என்று அவர் காகிதத்தில் ஏதோ கையெழுத்துப் போட ஆரம்பித்தார். அது வெறும் காகிதம் என்பதை அவள் கவனித்தாள்.

அண்டாவை இயக்கப் பயிற்சி எடுத்தவள் பசிலியா கோல்கே. கழிவுகளைச் சேகரிப்பவள், குட்டையான கனத்த உடம்பு, இரண்டு பின்னல், வாய்க்குப் பூட்டே கிடையாது. அவளாவது தன் பக்கம் நிற்பாள் என்று செனோபியா நம்பினாள்.

“நானா? பொறக்காத புள்ளைய வேலைக்கு அனுப்பச் சொல்றீங்களா?” என்றாள் பசிலியா. “போன எரியடுப்புக்கும் இதே அவசரம்தான் பட்டாங்க. ஒரு சொட்டு சாராயம் தெளிக்கல. எனக்கு முன்ன இந்த வேலை பாத்த எலெயுத்தேரியோ பத்தவச்சான், அவன் புருவம் இன்னிக்கு வரைக்கும் மொளைக்கல. போய்ப் பாருங்க, முட்டை மாதிரி இருக்கான்.”

“அது காஸ் குழாய் கசிஞ்சதால, பசிலியா.”

“ஏன் கசிஞ்சுது? அதைச் சொல்லுங்க.”

எரிவாயு பற்றி அவள் படித்ததெல்லாம் அந்தக் கேள்விக்கு முன்னால் நிற்கவில்லை. தலையில் அடித்துக்கொண்டு வெளியே வந்தாள்.

அந்த எரியடுப்பும் அவளுடைய முந்தைய திட்டமொன்றில் வந்ததுதான், அதுதான் கொடுமை. இருபது வருடமாக இதே பிழைப்பு. வெளிநாட்டுப் பணம் வரும், ஓர் இயந்திரம் வரும், செனோபியா ஊர் ஊராகப் போய் அதை நிறுத்திப் பயிற்சி கொடுத்து, படம் எடுத்து அனுப்புவாள். பணம் முடிந்ததும் அடுத்த ஊர். புருஷன் ஒரு கட்டத்தில் கேட்டான், “நீ யாருக்குத்தான் பொண்டாட்டி, எனக்கா, சுகாதாரத் துறைக்கா?” அவள் பதில் சொல்ல யோசித்துக்கொண்டிருந்தபோதே அவன் போய்விட்டான். மகள் கொச்சபம்பாவில் பல் மருத்துவம் படிக்கிறாள். விட்டுவந்த இயந்திரங்களை செனோபியா எப்போதாவது வழியில் பார்ப்பாள். ஒன்றின் மேல் கோழிகள் அடைந்தன. ஒன்றில் காவல்காரன் சாக்கு மூட்டை அடுக்கியிருந்தான். ரப்பர் வளையம் ஒன்று போனதற்காக அப்படியே செத்துக் கிடந்தவையும் உண்டு. ஒவ்வொரு அறிக்கையிலும், இனி இதைப் பராமரிக்கப்போவது யார் என்ற கேள்விக்கு அவள் சுகாதாரத் துறை என்றே எழுதிவந்தாள். அது பொய் இல்லை. ஆனால் உண்மையாக இருந்ததும் இல்லை.

ஐரோப்பாவிலிருந்து, பணம் கொடுத்த நிறுவனத்தின் ஆனிகா வாரம் தவறாமல் கணினித் திரையில் வந்து சிரிப்பாள். நல்ல பெண், அதனாலேயே கோபப்படவும் முடியாது. “அண்டா ஓடுற படம் ஒண்ணு அனுப்புங்களேன், செனோபியா. பின்னாடி பொம்பளைங்க நின்னா இன்னும் நல்லா இருக்கும். ஜூன் கடைசிக்குள்ள ஓடலைன்னா, அதை வேற ஊருக்கு மாத்திரலாம்னு இங்க பேசிக்கிறாங்க.”

“ஞானத்தகப்பன் வரலம்மா.”

“யாரு?”

விளக்க ஆரம்பித்து, பாதியில், இணைப்பு சரியில்லை என்று சொல்லி செனோபியா திரையை மூடினாள்.

ஒரு செவ்வாய்க்கிழமை காலை, பனி இன்னும் உருகாத நேரம், முற்றத்திலிருந்து அலறல் கேட்டது. துணி துவைக்கிற பெண்கள் ஓடினார்கள். பசிலியா பைகளை ஓரமாக ஒதுக்கி நடுவில் வழி செய்துகொண்டிருந்தாளாம். ஊறிப்போன ஒரு பெட்டி சரிந்திருக்கிறது. ரப்பர் செருப்பைத் துளைத்துக்கொண்டு ஊசி உள்ளங்காலில் ஏறியிருந்தது. தரையில் உட்கார்ந்து அவளே அதைப் பிடுங்கிக் கையில் வைத்துப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

யாருக்குப் போட்ட ஊசி? யாருக்குத் தெரியும்? சோப்புப் போட்டுக் கழுவினார்கள், ரத்தம் எடுத்தார்கள், மாத்திரை கொடுத்தார்கள். சில மாதம் கழித்து மறுபடி எடுத்துப் பார்த்தால்தான் நோய் தொற்றியதா என்று நிச்சயமாகச் சொல்ல முடியும் என்றார் டாக்டர். பசிலியா தலையாட்டிவிட்டு, “என் வீட்டுக்காரன்கிட்ட என்ன சொல்றது?” என்று மட்டும் கேட்டாள்.

செனோபியா அங்கே நிற்கவில்லை. சமையல்கட்டுக்குப் போய் இறைச்சி தட்டுகிற சுத்தியலை எடுத்தாள். அவள் வாயைத் திறக்காமல் அதைக் கையில் பிடித்து நடந்த நடையைப் பார்த்து, சமையல்காரி அடுப்பை அணைத்துவிட்டுப் பின்னாலேயே வந்தாள். மற்றவர்களும் வந்தார்கள். டாக்டர் உர்கிதி கையுறையோடு ஓடிவந்தார்.

“இஞ்சினியரம்மா, வேணாம்! கூரை! என் கூரை!”

“உங்க கூரைய நீங்களே தலையில வச்சுக்குங்க, டாக்டர்.”

காலில் கட்டோடு நொண்டி வந்த பசிலியா கதவுக்கு முன்னால் நின்றாள். அவள்தான் கேட்டாள், நிதானமாக.

“யோசிச்சீங்களா? ஒடைக்கிறவங்கதான் ஞானத்தாய். அப்புறம் இல்லேன்னு சொல்ல முடியாது.”

“தெரியும். நானும் இந்த மண்ணுலதான் பொறந்தேன்.”

“தெரிஞ்சா சரி.”

தெரியும்தான். ஆனால் அந்த நேரத்தில் நினைப்பில் இல்லை. கண்ணுக்கு முன்னால் இருந்தது அந்தப் பாட்டில் ஒன்றுதான். ஓங்கி அடித்தாள். கண்ணாடி சிதறி, மது துணை அமைச்சரின் பெயர்ப் பலகையில் வழிந்தது. சமையல்காரி எங்கிருந்தோ சாராயம் கொண்டுவந்தாள். ஒருத்தி பையிலிருந்து கொக்கா இலையை எடுத்தாள். நோயாளி ஒருவர் தன் தொப்பியில் மிச்சமிருந்த திருவிழாக் காகிதப் பூவை உதிர்த்தார். பசிலியா மூலைக்கு மூலை தெளித்துவிட்டு, நொண்டிக்கொண்டே உள்ளே போய் முதல் சிவப்புப் பையைப் போட்டு மூடியை முடுக்கினாள். அண்டா கொஞ்சம் உறுமியது. பிறகு ஒழுங்காக மூச்சு விட ஆரம்பித்தது. செனோபியா சுவரில் சாய்ந்து அழுதாள். சந்தோஷத்தில் அல்ல, இதை ஒரு மாதத்துக்கு முன்பே செய்யாமல் போனோமே என்ற ஆத்திரத்தில்.

அன்று மத்தியானம் வானொலியில் செய்தி வந்தது. துணை அமைச்சரை முந்தின வாரமே பதவியிலிருந்து எடுத்துவிட்டார்களாம். டாக்டர் உர்கிதி நாற்காலியில் உட்கார்ந்து வெகுநேரம் கூரையையே பார்த்துக்கொண்டிருந்தார்.

ஜூனில் திட்டம் முடிந்தது. செனோபியா கொச்சபம்பாவில் வேறு வேலை தேடிக்கொண்டு மகளோடு போய்ச் சேர்ந்தாள். வெயில், மரம், மூச்சு வாங்காத காற்று. புக்கமாயுவைக் கைகழுவியாயிற்று என்றுதான் நினைத்தாள். பசிலியாவின் ரத்தத்தில் ஒன்றும் இல்லை என்று தகவல் வந்த அன்று, மகளுக்குச் சொல்லாமல் போய் மாதா கோவிலில் மெழுகுவர்த்தி ஏற்றினாள். பிறகு ஒரு காலையில் தொலைபேசி அடித்தது.

“கொமாத்ரே!”

குழந்தையைப் பெற்றவளும் ஞானத்தாயும் ஒருவரையொருவர் அழைக்கிற வார்த்தை அது. அக்கா தங்கையைவிட நெருக்கமான உறவு. இருபது வருடத்தில் எந்த ஆஸ்பத்திரியிலிருந்தும் யாரும் அவளை அப்படிக் கூப்பிட்டதில்லை.

“யாரு, பசிலியாவா?”

“வேற யாரு? உங்க புள்ள நேத்திலேருந்து உஸ்ஸு உஸ்ஸுங்குது. மூடியில ஆவி கசியுது.”

“திட்டம் முடிஞ்சு போச்சு, பசிலியா. நான் இப்ப அங்க வேலைல இல்ல. சுகாதாரத் துறைக்குச் சொல்லுங்க.”

“திட்டத்த யாரு கூப்பிட்டா? நான் ஞானத்தாயக் கூப்பிடுறேன். பை சேந்துக்கிட்டே போவுது, சொல்லிட்டேன்.” தொலைபேசியை வைத்துவிட்டாள்.

செனோபியா வீட்டுக்குள் நடந்தபடி அரை மணி நேரம் கத்தினாள். மகள் காதைப் பொத்திக்கொண்டு காப்பி குடித்தாள். பிறகு செனோபியா கடைத்தெருவுக்குப் போய், கடை கடையாக ஏறி இறங்கி, பொருத்தமான ரப்பர் வளையம் ஒன்றை வாங்கிக்கொண்டு, புக்கமாயு போக ஓருரோ பேருந்தில் ஏறினாள்.

மலை ஏறும்போது ஆனிகா அழைத்தாள். பழைய திட்டங்களைப் பற்றி ஒரு கணக்கெடுப்பாம்.

“சின்னக் கேள்விதான், செனோபியா. புக்கமாயுல அந்த மிஷின் இன்னும் ஓடுதா?”

“ஓடுது. இன்னிக்குக் கொஞ்சம் உடம்பு சரியில்ல.”

“அப்படியா? இப்ப அதை யாரு பாத்துக்கிறாங்க? சுகாதாரத் துறைன்னு போட்டுக்கவா?”

செனோபியா மடியிலிருந்த வளையத்தைப் பார்த்தாள். வழக்கமான பதில் நாக்கு நுனி வரை வந்தது.

“இல்ல, நான்தான்.”

“நீங்க எந்தப் பொறுப்புல?”

“ஞானத்தாய்.”

அந்தப் பக்கம் ஆனிகா தட்டச்சு செய்வது நின்றது. “அதுக்கு இங்க எடமே இல்லையே, செனோபியா.”

“அது உங்க கஷ்டம்மா,” என்றாள் செனோபியா. “எனக்கு இப்பப் புள்ளையப் பாக்கணும்.”