பெரிய ஆள் பேர்

கீழ் கோத்தகிரிச் சரிவில் இருந்த எங்கள் எஸ்டேட்டில் ‘பெரிய’ என்பது எல்லோருக்கும் கிடைக்கிற சொல் அல்ல. மேனேஜர் பெரிய துரை. அவர் குடியிருந்தது பெரிய பங்களா. ஆபீசில் தலைமைக் கிளார்க் பெரிய ஐயா. கொழுந்து பறிக்கிறவர்களுக்கு அந்தச் சொல் ஒரே விதத்தில்தான் வந்து சேரும். முழுக் கூலிக்குப் பேர் பதிந்தால் பெரிய ஆள். அரைக் கூலிக்குக் களை பிடுங்கும் பிள்ளைகள் சின்ன ஆள். எஸ்டேட் கொடுக்கிற லைன் வீட்டில் குடியிருக்க வேண்டுமென்றால் அந்த வீட்டில் ஒரு பெரிய ஆளாவது இருக்க வேண்டும்.

மூக்கம்மாவின் வீட்டில் இருந்த ஒரே பெரிய ஆள் அவள் அப்பன் இசக்கி. அம்மா முன்பே இறந்துவிட்டாள். ஆயிரத்துத் தொள்ளாயிரத்து அறுபத்து மூன்றாம் வருஷம், நிழலைக் குறைக்க சில்வர் ஓக் மரத்தில் ஏறிக் கிளை வெட்டிக்கொண்டிருந்த இசக்கி விழுந்து இடுப்பொடிந்தான். ஆஸ்பத்திரியிலிருந்து அவன் திரும்பியதும், வீட்டைக் காலி செய்யச் சொல்லி ஆபீசிலிருந்து ஆள் வந்துவிட்டது. மூக்கம்மாவுக்குப் பன்னிரண்டு வயது. சின்ன ஆள்.

பிறந்த தேதி எழுதிய காகிதத்தை அந்த லைனில் யாரும் வைத்திருக்கவில்லை. பெண் பிள்ளை சமைந்து சடங்கு முடிந்தால், அதையே கணக்காகக் கொண்டு ஆபீசில் பெரிய ஆளாக எழுதிக்கொள்வார்கள். இசக்கியின் அக்கா கருப்பம்மாள் இதை யோசித்துக்கொண்டு வந்தாள்.

“சடங்கச் செஞ்சிருவோம்டா.”

“அவ இன்னும் ஆகலியேக்கா.”

“ஆகறப்ப ஆகட்டும். ரோட்டுல கெடக்கறதுக்கு இது தேவல.”

தண்ணீர் ஊற்றிச் சேலை கட்டியபோதே லைன் பெண்களுக்கு விஷயம் புரிந்துவிட்டது.

“சேல நிக்க இடுப்பு வேணுமேடி, அத எங்க போயி வாங்கறது?”

“நாலு ஊக்கு குத்து, நின்னுக்கும்.”

சிரித்தார்கள், புட்டுத் தின்றார்கள், மறுநாள் வேலைக்குப் போனார்கள். ஒருத்தியும் வெளியே சொல்லவில்லை. ஆபீசில் பெரிய ஐயா மட்டும், கருப்பம்மாள் கூட்டிவந்த மூக்கம்மாவை மேலும் கீழும் பார்த்தார்.

“ஏம்மா, இதா பெரிய ஆளு?”

“ஒடம்பு வாகு அப்பிடிங்கய்யா. லைனே வந்து புட்டுத் தின்னுச்சுங்க.”

பதினெட்டு என்று எழுதிக்கொண்டார். வீடு தப்பியது.

மற்றவர்களுக்கு இடுப்பளவில் நின்ற தேயிலைச் செடி அவளுக்கு நெஞ்சை இடித்தது. எடை போடும் இடத்தில் மேஸ்திரி கேட்பார்: “கூடை மட்டும் நடந்து வருதே, பெரிய ஆளு எங்க?” எல்லோரும் சிரிப்பார்கள், அவளும் சிரிப்பாள். முழுக் கூடையின் கனத்தில் கழுத்து முன்னே வளைந்தது. வளர்த்தி நின்றுபோயிற்று.

அவள் உண்மையில் சமைந்தது அதற்கு இரண்டு வருஷம் கழித்து, மலைச் சரிவில் பறித்துக்கொண்டிருந்தபோது. அத்தையிடம் ஓடினாள்.

“மூச்சு விடாத. ஆபீசுல தெரிஞ்சா ஊடு போயிரும்” என்றாள் கருப்பம்மாள். அன்று இரவு ஒரு முட்டையில் நல்லெண்ணெய் ஊற்றிக் கொடுத்தாள். தினமும் கொடுத்தால் பேச்சு ஆபீஸ் வரை போய்விடும் என்று அதுவும் அன்றோடு நின்றது. மறுநாள் காலை மூக்கம்மா கூடையை மாட்டிக்கொண்டு போனாள்.

இசக்கி அந்த வீட்டில்தான் இறந்தான். மூக்கம்மாவைக் கட்டியவன் கோயமுத்தூருக்கு லாரியில் போய் அங்கேயே தங்கிவிட்டான். மிஞ்சியது ஒரு மகள், மரகதம். அவள் பத்தாவது படிக்கும்போது மூக்கம்மாவுக்கு ஓய்வு என்று சொல்லிவிட்டார்கள். அப்போது பெரிய ஐயாவாக இருந்தவர் ஞானசேகரன்.

“எனக்கு இன்னும் அம்பத்திரண்டுதானுங்க.”

“இங்க அம்பத்தெட்டு ஆச்சேம்மா. பன்னெண்டு வயசுலயா உன்னையப் பெரிய ஆளா எழுதுனாங்க?”

“ஆமாங்க.”

“ரிட்டையர் ஆகறப்ப எல்லாருக்கும் வயசு கொறைஞ்சு போவுது” என்று சிரித்தார். ஆனால் இரக்கமில்லாதவர் அல்ல. குரலைத் தாழ்த்தினார். “ஒரு வழி இருக்கு. உம்பொண்ணுதான் பெரிய மனுசி ஆயிட்டாளே, சடங்குக்கு நானும் வந்தனே. அவ பேர எழுதிக்கலாம். வயசுக்கு டாக்டர்கிட்டச் சீட்டு வாங்கித் தர்றேன். ஊடு உங்களுக்கே இருக்கட்டும்.”

மூக்கம்மா மேசை விளிம்பைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

“அவ சின்னப்புள்ளைங்க.”

“சடங்கான புள்ளையா?”

“சின்னப்புள்ளதானுங்க.”

லைனில் காறித் துப்பாத குறை. “பெரிய இவ! தேடி வந்த ஊட்ட ஒதறிட்டுப் போறா.”

கோத்தகிரியில் ஒரு கடைக்குப் பின்னால் ஒற்றை அறைக்கு மாறினார்கள். மூக்கம்மா ஓட்டலில் பாத்திரம் கழுவினாள். மரகதம் அந்த வருஷம் தேறவில்லை. தனியார் பாக்டரி ஒன்றில் தேயிலைத் தூள் சலிக்கப் போனாள். ஒருநாள் சண்டையில் கேட்டாள்:

“அன்னைக்கே எம்பேர எழுதியிருந்தா ஊடாச்சும் இருந்திருக்கும்ல? படிக்கவெக்கறயாம் படிக்க! என்னத்தக் கண்டே?”

மூக்கம்மா மகளுக்குச் சோற்றைப் போட்டு வைத்துவிட்டு ஓட்டலுக்குக் கிளம்பினாள்.